சோதிக்க வேண்டியது உணவை, உண்பவரை அல்ல



மதராஸ் மாகாணத்தில் கலப்படத் தடைச் சட்டம் 1918இல் வந்தது. நாடு முழுமைக்குமான சட்டம் 1954இல் வந்தது. இப்போதுள்ள உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006இல் இயற்றப்பட்டு 2011 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா, நெய்யில் வேறு கொழுப்பு இருக்கிறதா என்றுதான் இச்சட்டங்கள் கேட்கின்றன. கறந்தவர் என்ன சாதி என்று கேட்பதில்லை. கிண்டி கிங் நிலைய வளாகத்து ஆய்வுக்கூடத்துக்குப் போகும் மாதிரிக்குச் சாதி கிடையாது. தொட்டாலே தீட்டு என்று சொன்ன சமூகத்தில் இது சிறிய விஷயம் அல்ல.

ஆனால் ஆய்வுக்கு முன்பே இங்கே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். 2018 நவம்பரில் எழும்பூர் ரயில் நிலையத்தில், ஜோத்பூரிலிருந்து வந்த சுமார் 2,000 கிலோ இறைச்சி பிடிபட்டது. நாய்க்கறி என்று ஊரெங்கும் பேச்சு. சில நாளில் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி ஆய்வு அதை ஆட்டிறைச்சி என்றது. அதற்குள் பிரியாணிக் கடைகளில் வியாபாரம் விழுந்திருந்தது. அவ்வளவு தூரம் வந்த கறி ஒழுங்காகக் குளிரூட்டப்பட்டதா என்பதுதான் சுகாதாரக் கேள்வி. வதந்தியின் இரைச்சலில் அது அமுங்கிப்போனது.

2022 மே மாதம் ஆம்பூர் பிரியாணித் திருவிழாவில் மாட்டிறைச்சிக்கு இடமில்லை என்றார்கள். எதிர்ப்பு எழுந்தது. மழையைக் காரணம் காட்டி விழாவே தள்ளிப்போனது. மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. அங்கே கெட்டுப்போன உணவு எதுவும் இல்லை. கெட்டது பார்வை.

இதே சாந்தோமை ஒட்டிய லூப் சாலையில் 2023 ஏப்ரலில் மீன்கடைகளை அகற்றினார்கள். மீனவ மக்கள் சாலையில் இறங்கிப் போராடினார்கள். 2024 ஆகஸ்டில் நொச்சிக்குப்பத்தில் 366 கடைகளுடன் அங்காடி திறக்கப்பட்டது. தண்ணீரும் வடிகாலும் தராமல் சுத்தத்தை மட்டும் கேட்பது நியாயமில்லை. முதலில் வசதி, பிறகு விதி.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தெருவில் மாட்டுக்கறி விற்கும் நம் அக்காக்களிடம் சட்டத்தைக் கொண்டுபோங்கள். 2011 விதிகள் ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குட்பட்ட கடைக்குப் பதிவு போதும் என்றன. ஆண்டுக் கட்டணமாக 100 ரூபாய் வைத்தன. அதிகாரி எடுக்கும் மாதிரியை நான்கு பகுதியாக்க வேண்டும். அதில் ஒன்றை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பும்படி கேட்க வியாபாரிக்கு உரிமை உண்டு. அந்த உரிமையைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

கெட்ட உணவால் முதலில் சாவது ஏழைதான். ஆகவே கடுமையான ஆய்வு நமக்கு வேண்டும். அது ஐந்து நட்சத்திர ஓட்டலுக்கும் தள்ளுவண்டிக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

ஜெய்பீம்.