ஆய்விதழின் நாணயம்

(ஆராய்ச்சி மாணவர்களும் கல்வித்துறை அலுவலர்களும் கூடிய அவையில் நிகழ்த்திய உரை)



ஆய்விதழ்களில் ‘கட்டுரையாளர்களுக்கு’ என்ற தலைப்பில் சில விதிகள் அச்சிடப்பட்டிருக்கும். பக்க அளவு பற்றிய குறிப்பு என்று பலரும் அதனைப் புறக்கணித்துவிடுகின்றனர். உண்மையில் அது வாசகருக்கு இதழ் அளிக்கும் உறுதிமொழியாகும். கட்டுரையை மதிப்பிடுவோர் யார், ஏற்பதும் மறுப்பதும் எவ்வாறு முடிவாகும், பிழை வெளிப்பட்டால் என்ன செய்யப்படும் என்பனவற்றை அது தெளிவாகக் கூற வேண்டும்.

1928-ஆம் ஆண்டில் சர் சி.வி. இராமன் தம் கண்டுபிடிப்பை விரித்துரைத்த கட்டுரை, கல்கத்தாவிலிருந்து வெளிவந்த ‘இந்தியன் ஜர்னல் ஆஃப் ஃபிசிக்ஸ்’ இதழில் அச்சாயிற்று. அவ்விதழை 1926-இல் தொடங்கியவரும் அவரே. சோதனையைப் பிறரும் செய்து பார்க்க இயன்றமையால் உலகம் அதனை ஏற்றது. 1930-இல் நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் எல்லா ஆய்வுகளையும் அவ்வளவு எளிதில் சரிபார்த்துவிட இயலாது. ஆகவேதான், ஆசிரியரே எழுதிய கட்டுரையை மற்றொருவரே பரிசீலித்து முடிவு செய்ய வேண்டும் என்னும் விதி நல்ல இதழ்களில் இடம்பெறுகிறது.

நம் நாட்டில் இந்த உறுதிமொழி தளர்ந்தது எவ்வாறு? முனைவர் பட்ட ஆய்வேட்டை அளிக்குமுன் ஒரு கட்டுரையாவது வெளியாகியிருக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2009-இல் விதித்தது. 2010 முதல் ஆசிரியர்களின் பதவி உயர்வுக்கும் கட்டுரைகள் மதிப்பெண்ணாகக் கணக்கிடப்பட்டன. நோக்கம் நல்லதே. ஆயினும் எண்ணிக்கையே தகுதியாகியபோது, பணம் பெற்றுக்கொண்டு சில நாட்களில், மதிப்பீடு ஏதுமின்றி, கட்டுரையை வெளியிடும் இதழ்கள் பெருகின. 2018 மே மாதத்தில் மானியக் குழு தன் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்க நேர்ந்தது. 2019-இல் ‘கேர்’ என்னும் புதிய பட்டியல் நடைமுறைக்கு வந்தது. முனைவர் பட்டத்திற்கான கட்டாய விதி 2022-இல் கைவிடப்பட்டது. 2025-இல் ‘கேர்’ பட்டியலும் கைவிடப்பட்டு, இதழைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு கல்வி நிறுவனங்களிடமே வந்து சேர்ந்துள்ளது.

அப்பொறுப்பை எவ்வாறு நிறைவேற்றுவது? இதழின் ஆசிரியர் குழுவினர் அத்துறையில் அறியப்பட்டவர்களா, அவர்கள் தங்கள் பெயர் அங்கிருப்பதை அறிவார்களா என்று விசாரிக்க வேண்டும். கட்டணம் வாங்குவது மட்டுமே குற்றமன்று. அது எவ்வளவு, எதற்காக என்று முன்கூட்டியே அறிவிக்கப்பட்டுள்ளதா, கட்டணம் செலுத்தியவரின் கட்டுரையும் மறுக்கப்படுவதுண்டா என்பதே கேள்வி. பிழைதிருத்தங்களையும், திரும்பப் பெற்ற கட்டுரைகளையும் வெளிப்படையாக அறிவிக்கும் இதழ், குறையுள்ள இதழன்று, நாணயமுள்ள இதழ். ஐ.எஸ்.எஸ்.என். எண் இருப்பதைத் தரச்சான்றாகக் கருதலாகாது. அது வெளியீட்டை அடையாளம் காட்டும் எட்டு இலக்க எண்ணேயன்றி வேறன்று.

அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்தப் பட்டியலும் படிப்பதற்கு ஈடாகாது. இதழின் மதிப்பெண்ணைக் கொண்டு தனிக் கட்டுரையை எடை போடலாகாது என்று 2012-இல் உருவான சான் பிரான்சிஸ்கோ பிரகடனம் வலியுறுத்தியது. பத்துக் கட்டுரைகளை எண்ணுவதைவிட, விண்ணப்பதாரரே தெரிந்தெடுத்த இரண்டு கட்டுரைகளைத் தேர்வுக் குழு முழுமையாகப் படிப்பது மேல். படிப்பதற்கான வாய்ப்பும் பெருகியுள்ளது. ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்திற்கு 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் அளித்தது.

மாணவ நண்பர்களே, நல்ல இதழில் மதிப்பீடு முடியப் பல மாதங்கள் ஆகலாம்; கட்டுரை திரும்பியும் வரலாம். அதனுடன் வரும் குறிப்புகள், உங்கள் ஆய்வை ஒருவர் ஊன்றிப் படித்தார் என்பதற்குச் சான்று. விலைக்கு வாங்கிய வெளியீட்டில் அந்த வாசகர் கிடைக்கமாட்டார். பொதுமக்களின் வரிப்பணத்தில் நடைபெறும் ஆய்வு, அச்சேறுமுன் தகுதியுள்ள ஒருவராலேனும் படிக்கப்பட வேண்டும் என்று எதிர்பார்ப்பது மிகையாகாது.