ஊவாத் தோட்டங்களின் கிறவல் வீதிகள்

பதுளையிலிருந்து பசறைப் பக்கமோ, ஹாலிஎலைப் பக்கமோ பிரதான வீதியை விட்டு விலகித் தேயிலைத் தோட்டமொன்றினுள் நுழைந்தால், சிறிது தூரத்தில் தார் முடிந்து கிறவல் தொடங்குவதைப் பல இடங்களிற் காணலாம். கொழுந்து லொறியும் உழவு இயந்திரமும் ஓடித் தடம் பதித்த பாதைகள் அவை. அவ்வீதிகளைத் தேடி இக்காலத்தில் துவிச்சக்கர வண்டிக்காரர் சிலர் வரத் தொடங்கியிருக்கிறார்கள். தாரிடப்பட்ட நல்ல வீதி இருக்கையில் கல்லும் மண்ணும் நிறைந்த பாதையை ஒருவர் விரும்பி நாடுவானேன் என்று நம்மவர் வியப்பது இயல்பே. அவ்வியப்பிலிருந்தே இன்றைய பேச்சைத் தொடங்குகிறேன்.

கிறவல் பாதைக்கென்றே இப்பொழுது தனி வகைத் துவிச்சக்கர வண்டி செய்யப்படுகிறது. பந்தய வண்டியைப் போல வளைந்த கைபிடி அதற்குண்டு. ஆயின் அதன் சக்கரம் அகன்றது. பந்தய வண்டியின் டயர் 25 அல்லது 28 மில்லிமீற்றர் அகலமாயின், இதன் டயர் 40 மில்லிமீற்றரையும் தாண்டும். காற்றைச் சற்றுக் குறைவாகவே அடைப்பார்கள். அப்பொழுதுதான் டயர் கல்லின் மேல் துள்ளாது, அதை அணைத்துக்கொண்டு உருளும். மேற்கு நாடுகளில் இச்சவாரி கடந்த பதினைந்து ஆண்டுகளில் பெரிதும் பரவியிருக்கிறது. 2022 ஆம் ஆண்டு முதல் இதற்கு உலகச் சாம்பியன் போட்டியும் நடைபெறுகிறது. முதற் போட்டி இத்தாலியிலே நடந்தது.

இத்தாலி இதற்குப் பொருத்தமான தேசமே. அந்நாட்டின் டஸ்கனிப் பிரதேசத்தில் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே வெண்ணிறக் கிறவல் வீதிகள் ஓடுகின்றன. அவற்றுக்கும் தாரிட்டு மூடிவிடுவார்களோ என்று அஞ்சியவர்கள், 1997 ஆம் ஆண்டில் பழைய காலத்துத் துவிச்சக்கர வண்டிகளில் ஒரு சவாரியை ஏற்படுத்தினார்கள். எரோய்க்கா என்பது அதன் பெயர். பத்து ஆண்டுகளின் பின், 2007 இல், அதே வீதிகளில் தொழில்முறைப் பந்தயமும் பிறந்தது. தார் போடாதே என்று வேண்டுவதற்காகவே சவாரி செய்தார்கள் என்பதை, நேயர்களே, சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நமது ஊவாவில் திராட்சைத் தோட்டம் இல்லை. எனினும் திராட்சை மதுவுக்கு மண்ணும் வெயிலும் எப்படியோ, அப்படியே ஊவாத் தேயிலைக்குக் காற்று. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையை மலைநாட்டின் மேற்குச் சரிவிலே கொட்டிவிட்டு, முகட்டைத் தாண்டி இப்பக்கம் வறண்ட காற்றாக இறங்குகிறது. கிழக்கு மாகாணத்தார் கச்சான் என்றழைக்கும் காற்று இதுவே. ஆடி, ஆவணி மாதங்களில் அது அடிக்கும்பொழுது கொழுந்தின் வளர்ச்சி தடைப்படுகிறது. அந்த வாட்டத்திலேதான் ஊவாத் தேயிலையின் தனி மணம் பிறக்கிறது. பாதை காய்ந்து, சவாரிக்கு ஏற்றதாயிருக்கும் காலமும் அதுவே. ஆனால் ஹப்புத்தளைக் கணவாயில் அக்காற்று எதிர்ப்பட்டால், இறக்கத்திலும் மிதித்தாக வேண்டியிருக்கும்!

ஹப்புத்தளை கடல் மட்டத்திற்கு 1,400 மீற்றருக்கு மேலே உள்ளது. பதுளை 700 மீற்றருக்குச் சற்றுக் கீழே. ஆகையால் அங்கிருந்து பண்டாரவளை, தெமோதரை, ஹாலிஎலை வழியாகப் பதுளைக்கு வருபவர் ஏறக்குறையப் பாதி உயரத்தை இழக்கிறார். இடையிடையே ஏற்றமும் உண்டு என்பதை மிதிக்கிறவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஹாலிஎலையிலிருந்து கிளைவழியாகச் சென்றால் போகொடையில், கல்லந்த ஓயாவின் மேல், ஓட்டுக் கூரையிட்ட பழைய மரப்பாலம் ஒன்றைக் காணலாம். பதுளைக்கும் கண்டிக்கும் இடையே முற்காலத்து வழி அப்பாலத்தின் மீது சென்றது. தேயிலை வருவதற்கு வெகு காலம் முன்னரே இப்பள்ளத்தாக்குகளில் மனிதர் நடந்தார்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

தோட்டப் பாதைகளின் கதை வேறு. கோப்பிக் காலத்திலும் பின்னர் தேயிலைக் காலத்திலும் அவை வெட்டப்பட்டன. புகையிரதம் 1894 இல் பண்டாரவளைக்கு வந்து அங்கேயே நின்றது. பதுளையை அடைந்தது 1924 இல். இடைப்பட்ட முப்பது ஆண்டுகள் பதுளைப் பக்கத்துத் தேயிலைப் பெட்டிகள் வண்டிப் பாதையை நம்பியே இருந்தன. பாரம் இழுக்கும் மாடு செங்குத்தாக ஏறாது. ஆகவே பாதைகள் பெரும்பாலும் மலையைச் சுற்றிச் சுற்றி மெல்ல உயர்ந்தன. இன்று துவிச்சக்கர வண்டிக்காரர் புகழும் அந்த இதமான ஏற்றம், அன்று மாட்டுக்காக அளந்து வெட்டியது. வெட்டியவர்கள் திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து வந்த நம்மவர்கள்.

பாதையை வெட்டியதைவிடப் பெரிய வேலை, அதைக் காத்தது. கிறவல் வீதிக்கு உயிர் அதன் மேற்பரப்பில் இல்லை. ஓரத்துக் கானில் இருக்கிறது. மழைநீர் நடுவே தேங்காமல் ஓரத்துக்கு வழியவேண்டும். கானில் ஓடி மதகின் கீழாகப் பள்ளத்தில் விழவேண்டும். கான் அடைபட்டால் நீர் பாதையிலேயே ஓடும். சிறு கல்லை முதலில் அரிக்கும், பெருங்கல்லைப் பின்பு பெயர்க்கும். ஒரே மழைக்காலத்தில் வீதி ஓடையாகிவிடும். கான் வெட்டு என்பது தோட்டத்தில் தனி வேலையாக இருந்ததன் காரணம் இதுதான்.

இனி, அந்த இத்தாலியச் செய்திக்கு வருகிறேன். அங்கே தார் போடாதே என்கிறார்கள். இங்கே லயத்தில் வாழ்பவர்கள் தார் போடுங்கள் என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வருகிறார்கள். கர்ப்பிணியை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வண்டி வர மறுக்கும் பாதை அது. மேற்கணக்கிலிருந்து பிள்ளைகள் சேற்றில் இறங்கிப் பாடசாலைக்கு வரும் பாதை அது. பாதை ஏன் அப்படியே கிடந்தது என்பதற்குச் சட்டத்திலும் விடையுண்டு. 1987 ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, சபையின் நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடத் தடையாக இருந்தது. 2018 இலேதான் அது திருத்தப்பட்டது. வாக்களிக்கும் மக்கள் தம் வாசலுக்கு வரும் பாதையைத் தம் சபையிடம் கேட்க முடியாதிருந்த நிலை முப்பது ஆண்டுகள் நீடித்தது. இது வெட்கத்துக்குரியது என்பதே என் கருத்து.

கண்டிக்கு அருகே ஹந்தானையில் தொடங்கி, ஹப்புத்தளை, எல்ல முதலிய இடங்களைச் சுற்றி நுவரெலியாவில் முடியும் பெக்கோ நெடும்பாதை 2023 இல் திறக்கப்பட்டது. 22 பகுதிகளைக் கொண்ட அது 300 கிலோமீற்றருக்கும் நீளமானது. முதன்மையாக நடப்போருக்கு உரியது. பழைய தோட்டப் பாதைகளையே பெரும்பாலும் பயன்படுத்துகிறது. வருவோர் கூடினால் அழகு கெடாதிருக்கப் பாதைகளைக் கிறவலாகவே விடவேண்டும் என்ற குரல் நம்மிடையேயும் எழக்கூடும். லயத்துக்கும் பாடசாலைக்கும் வைத்தியசாலைக்கும் செல்லும் வீதிக்குத் தார் இடவேண்டும். அதில் விட்டுக்கொடுப்பதற்கு இடமில்லை. மலைகளுக்கிடையே கொழுந்து மடுவத்துக்கு மட்டும் செல்லும் பாதைகள் ஏராளம். அவை சவாரிக்குப் போதும்.

இரண்டுக்கும் பொதுவானது கான். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போதும் பதுளை மாவட்டம் மண்சரிவால் பெருந்துயருற்றது. எல்லாச் சரிவையும் கான் தடுத்துவிடாது. ஆனால் நீருக்கு வழிவிடாத மலைச்சரிவு ஆபத்தானது என்பதைத் தோட்டத்துப் பெரியவர் எவரும் சொல்வார். சுற்றுலாவால் வரும் பணத்தில் ஒரு பங்கு கான் வெட்டுக்குப் போகுமானால், சவாரி செய்பவரும் லயத்தில் இருப்பவரும் ஒருங்கே பயனடைவர்.

சவாரிக்குப் புறப்படும் நேயர்களுக்கு ஒரு சொல். தோட்டத்தின் அனுமதி கேட்டுச் செல்லுங்கள். ஐப்பசி தொடங்கித் தை வரையிலான மழையைத் தவிர்த்துவிடுங்கள். கொழுந்து நிறுக்கும் வேளையில் லொறி ஏறி வரும். கூடை சுமந்த பெண்கள் அணியாக வருவார்கள். அப்பொழுது வண்டியிலிருந்து இறங்கி, பள்ளத்தின் பக்கம் ஒதுங்காமல் மலைப்பக்கம் ஒதுங்கி நில்லுங்கள். வழி தெரியாவிட்டால் அவர்களிடமே கேளுங்கள்.