கிறீஸ் பூதம்

2011ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் இலங்கையின் பல பகுதிகளில் ஒரு பீதி பரவிற்று. உடலெங்கும் கிறீஸ் பூசிய மர்ம மனிதர் இரவிலே பெண்களைத் தாக்குகின்றனர் என்பதே பேச்சு. பெண்கள் கொண்ட அச்சம் பொய்யன்று; அந்த அச்சத்துக்கு ஊரார் ஒரு முகம் தேடியபோதே வினை விளைந்தது. ஊருக்குப் புதியவன் எவனும் பூதமானான். புத்தளத்திற் கூட்டத்தின் கையிலே ஒரு பொலிஸ்காரர் மாண்டார்.

தீவகத்துக்கு எதிரே, கடனீரேரிக் கரையிலுள்ள நாவாந்துறையிலோ கதை தலைகீழாயிற்று. மர்ம மனிதரைத் துரத்திச் சென்றதாகக் கூறிய ஊரவர்மீதே அன்றிரவு படையினரின் அடி விழுந்தது. வீடுகளிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டு ஏறத்தாழ 100 பேர் கைதாயினர். முறையிட்டவனே குற்றவாளி, இதனினும் பெரிய பூதம் வேறென்ன வேண்டும்? அவ்வூரவர் பின்னர் உயர் நீதிமன்றிலே அடிப்படை உரிமை வழக்குத் தொடுத்தனர்.