வெளியூரிலிருந்து வீட்டுக் கேமரா ஏன் தெரிவதில்லை?

சென்ற கூட்டத்தில் நான் பேசியதை எழுதித் தரும்படி செயலாளர் கேட்டார். நான் கம்ப்யூட்டர் படித்தவன் அல்ல. பி.காம். முடித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். தப்பு இருந்தால் உங்கள் வீட்டுப் பிள்ளைகள் திருத்தட்டும்.

இதில் நான் இறங்கக் காரணம் என் அக்கா. வயது 74. தனியாக இருக்கிறார். வெளிநாட்டில் இருக்கும் மகள் தினமும் கேமராவில் அம்மாவைப் பார்த்துவிட்டுத்தான் தூங்குவாள். கோடை மழையில் இரண்டு நாள் கரண்ட் போய்ப் போய் வந்தது. அதன்பின் வீட்டு டிவியில் கேமரா தெரிகிறது, வெளியூரில் தெரியவில்லை. அந்த வாரம்தான் அக்கா பின்வாசல் படியில் வழுக்கி விழுந்தார். பால்காரர் வந்து பார்க்கும்வரை அங்கேயே கிடந்தார். கை எலும்பு முறிவோடு போயிற்று.

விஷயத்துக்கு வருகிறேன். வங்கிக் கிளைக்கு ஒரே வாசல். "நகைக்கடன் என்று கேட்டு வந்தால் நாலாம் கவுண்டருக்கு அனுப்பு" என்று வாசலில் நிற்பவரிடம் சொல்லி வைப்போம். ரவுட்டரில் 'போர்ட் ஃபார்வர்டிங்' என்பதும் இதுதான். 8000 என்ற எண்ணைக் கேட்டு வருபவரை கேமரா ரெக்கார்டரிடம் அனுப்பு என்று ஒரு உத்தரவு.

கிளார்க் தினம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தால்? அக்கா வீட்டில் முதல் கோளாறு அதுதான். கரண்ட் வந்ததும் ரவுட்டர் எல்லாக் கருவிகளுக்கும் புதிதாக எண் கொடுத்துவிட்டது. ரெக்கார்டர் 192.168.1.10-லிருந்து 192.168.1.14-க்குப் போய்விட்டது. உத்தரவு மட்டும் பழைய எண்ணிலேயே நின்றது. ரவுட்டரில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' என்ற இடத்தில் அந்தக் கருவிக்கு ஒரே எண்ணை நிரந்தரமாக ஒதுக்கினேன்.

சோதிக்கும்போது ஒரு எச்சரிக்கை. வீட்டு வைஃபையில் இருந்துகொண்டு வெளி முகவரியைப் போட்டுப் பார்க்காதீர்கள். வெளியே போய்த் திரும்பி உள்ளே வரும் அந்த வழிக்கு 'ஹேர்பின்' என்றே பெயர். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வரும் நமக்கு விளக்க வேண்டியதில்லை. பல ரவுட்டர்களுக்கு அந்த வளைவு திரும்பத் தெரியாது. சரியாக அமைத்திருந்தாலும் வேலை செய்யாதது போலத் தோன்றும். வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பாருங்கள்.

நான் அப்படிப் பார்த்தும் வரவில்லை. இணைய நிறுவனத்துக்கு மூன்று நாள் போன் செய்தேன். "மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்" என்பதைத் தவிர வேறு பதில் இல்லை.

பிறகுதான் உண்மை தெரிந்தது. ரவுட்டர் பக்கத்தில் 'வேன் ஐபி' என்று ஒரு எண் இருக்கும் (சேலம் போகும் வேன் அல்ல). 'வாட் இஸ் மை ஐபி' என்று கூகுளில் கேட்டால் இன்னொரு எண் வரும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். வேன் ஐபி 192.168 என்று தொடங்கினால் பெரும்பாலும் உங்கள் வீட்டிலேயே ஒன்றின் பின் ஒன்றாக இரண்டு ரவுட்டர். ஃபைபர் பெட்டியை 'பிரிட்ஜ்' முறைக்கு மாற்றச் சொல்லுங்கள். 100.64 முதல் 100.127 வரை இருந்தால் விஷயம் நிறுவனத்தின் பக்கம். உங்கள் வீட்டு வாசலில் உத்தரவு இருக்கிறது. ஆனால் மலை அடிவாரத்தில் எல்லோருக்கும் பொதுவாக இன்னொரு வாசல் இருக்கிறது, அங்கே உங்கள் உத்தரவு செல்லாது.

இதற்கு அவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பழைய முறை ஐபி எண்கள் உலகம் முழுவதற்கும் சுமார் 430 கோடிதான். 2011 பிப்ரவரியிலேயே மையக் கையிருப்பு தீர்ந்துவிட்டது. ஒரு எண்ணைப் பலருக்குப் பங்கு போடுவதற்காகவே 2012-ல் இந்த 100.64 வரிசையை ஒதுக்கினார்கள். தனி எண் வேண்டுமானால் 'ஸ்டேட்டிக் பப்ளிக் ஐபி' என்று அதே வார்த்தையில் கேளுங்கள். பொதுவாகத் தனிக் கட்டணம் உண்டு.

நான் வாங்கவில்லை. காரணம், ரெக்கார்டரைத் திறந்து பார்த்தபோது பாஸ்வேர்டு 12345 என்றே இருந்தது. பொருத்தியவர் வைத்தது. இத்தனை வருடம் அக்காவின் கூடம் உலகத்துக்குத் திறந்து கிடந்திருக்கிறது. 2016-ல் 'மிராய்' என்ற வைரஸ் இப்படி மாற்றாத பாஸ்வேர்டுகளைப் போட்டுப் பார்த்தே லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் பிடித்தது. அவற்றைக் கொண்டு அக்டோபர் 21 அன்று நடத்திய தாக்குதலில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் அமெரிக்காவில் பல மணி நேரம் தடுமாறின.

ஆகவே போர்ட் உத்தரவையே அழித்தேன். பாஸ்வேர்டை மாற்றி, ரெக்கார்டர் கம்பெனியின் ஆப்பில் க்யூஆர் கோடு மூலம் இணைத்தேன். இதில் ரெக்கார்டரே வெளியே போய்ப் பேசுவதால் அடிவார வாசல் தடுக்காது. படம் அந்தக் கம்பெனியின் சர்வர் வழியாகப் போகலாம் என்பது ஒரு குறை. அது பிடிக்காதவர்கள் வீட்டில் ஒரு பழைய கம்ப்யூட்டரை ஓடவிட்டு விபிஎன் அமைக்கலாம். கொஞ்சம் பொறுமை வேண்டும்.

அக்காவின் கட்டு பிரித்தாயிற்று. மகள் இப்போது பின்வாசலுக்கும் ஒரு கேமரா கேட்கிறாள். உங்கள் வேன் ஐபியை ஒரு தாளில் எழுதிக்கொண்டு ஞாயிறு மாலை வாருங்கள், சேர்ந்து பார்ப்போம். பாஸ்வேர்டை மட்டும் எழுதிக்கொண்டு வராதீர்கள். சென்ற முறை மூன்று பேர் கொண்டு வந்தார்கள்.