விழியசைவும் மனக்காயமும்

1987-ஆம் ஆண்டில், கலிபோர்னியாவின் பூங்காவொன்றில் உலவிக்கொண்டிருந்த உளவியலாளர் பிரான்சீன் ஷாப்பிரோ அம்மையார், தம்மை வாட்டிய எண்ணங்களின் வேகம், கண்கள் இடமும் வலமுமாக அசைந்தபோது தணிந்ததைக் கவனித்தார். விபத்தாலும் யுத்தத்தாலும் வன்கொடுமையாலும் நிலைகுலைந்தோருக்கான ஒரு சிகிச்சை அதிலிருந்தே பிறந்தது.

சிகிச்சையாளர் இரு விரல்களை முகத்துக்கு எதிரே இடவலமாக வீச, நோயாளி தலையை அசைக்காமல், தம்மைக் காயப்படுத்திய நிகழ்வின் அச்சமூட்டும் காட்சியை மனத்தில் நிறுத்தியவாறே, விழிகளால் மட்டும் அவற்றைப் பின்தொடர்கிறார். சற்றுப் பொறுத்து விரல்கள் நிற்க, "இப்போது என்ன தோன்றுகிறது?" என்ற கேள்வி எழுகிறது. ஞாபகத்தோடு விரலையும் கவனிக்க வேண்டியிருப்பதால் நினைவின் உக்கிரம் குறைகிறது என்பது ஒரு விளக்கம். விழியசைவு அவசியந்தானா என்ற விவாதமும் தீரவில்லை. ஆயினும் 2013-இல் உலக சுகாதார நிறுவனம் இம்முறையைப் பரிந்துரைத்தது.

எட்டுக் கட்டங்கள் கொண்ட இச்சிகிச்சையில் விரலசைவு தொடங்குவது நான்காவதில்தான் என்பதையே நான் பெரிதாக மதிக்கிறேன். அதற்கு முன், கையை உயர்த்தினால் உடனே நிறுத்திவிடலாம் என்ற உறுதியும், கலங்கும்போது மனம் சென்று தங்க ஓர் அமைதியான இடத்தைக் கற்பனை செய்யும் பயிற்சியும் அளிக்கப்படுகின்றன. மனிதரால் காயப்பட்ட ஒருவர் இன்னொரு மனிதரை நம்பி எதிரே அமர அவகாசம் வேண்டும். சிறுவயதிலிருந்தே துன்புற்றவர்களுக்கோ அதற்கு நெடுங்காலம் ஆகிறது.