பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம்?

(வட்டாரக் கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், ஊராட்சிக் கூட்டமைப்புச் செயலாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசியவர்கள் சேமிப்பைப் பற்றியும் வங்கிக் கடனைப் பற்றியும் நல்லா பேசினாங்க. எனக்குக் கொடுத்த தலைப்பு 'கல்வியில் மகளிர் குழுக்களின் பங்கு'. பெரிய தலைப்பு. எனக்கு அதில் ஒரே ஒரு கதைதான் தெரியும். எங்க ஊர் ஆரம்பப் பள்ளியை, புறவழிச்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற நடுநிலைப் பள்ளியோடு சேர்க்கலாமா என்று போன மார்ச் மாதம் பேச்சு வந்தது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போறேன். நாளைக்கு உங்க ஊருக்கும் இது வரலாம். அதனால நடந்ததை நடந்தபடி சொல்றேன். எங்க தப்பையும் சேர்த்தே சொல்றேன்.

எங்க பள்ளியில் அப்போ 19 பிள்ளைங்க. ஒண்ணாம் வகுப்பிலிருந்து அஞ்சாம் வகுப்பு வரைக்கும் ரெண்டே ஆசிரியர். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைங்க வரைக்கும் ரெண்டு ஆசிரியர்தான் கணக்கு. அதனால இன்னொரு டீச்சர் கேட்கவும் வழியில்லை. பிள்ளைங்க குறைவா இருக்காங்க, பக்கத்திலேயே பெரிய பள்ளி இருக்கு, சேர்த்துடலாமா, பெற்றோர் கருத்தைச் சொல்லுங்கன்னு கேட்டாங்க. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் போட்டாங்க. அந்தக் குழுவில் நானும் ஒரு உறுப்பினர்.

முதல் கூட்டம் காலையில் 11 மணிக்கு. ஏழு பேர்தான் வந்தோம். மத்தவங்க எல்லாம் 100 நாள் வேலைக்கும் நாத்து நடவுக்கும் போயிட்டாங்க. ஏழு பேர் உட்கார்ந்து ஊர்ப் பள்ளிக்கூடத்தை முடிவு பண்ண முடியாதுன்னு சொல்லி, சாயங்காலம் ஆறு மணிக்கு மறுபடியும் வெச்சோம். குழுக்கூட்டத்துக்கு ஆள் கூப்பிடுற மாதிரி வீடு வீடாப் போய்க் கூப்பிட்டோம். அன்னைக்குப் பள்ளி வராண்டாவில் உட்கார இடமில்லை.

ஆரம்பத்தில் நான் நினைச்சது என்னன்னா, எல்லாரும் 'எங்க பள்ளிக்கூடத்தை எடுக்காதீங்க'ன்னு ஒரே குரலில் சொல்லுவாங்க, தீர்மானம் எழுதிக் கையெழுத்து வாங்கிட்டு வீட்டுக்குப் போயிடலாம்னு. அப்படி நடக்கலை.

முதலில் எழுந்தது கம்பெனிக்குப் போற ஒரு தம்பி. "அக்கா, என் பையன் மூணாம் வகுப்பில் ஒத்தை ஆளா உட்கார்ந்திருக்கான். அவன்கூடப் படிக்க ஒரு பிள்ளை கிடையாது, போட்டிக்கு ஆள் கிடையாது. அங்கே வகுப்புக்கு ஒரு டீச்சர் இருக்காங்க. எட்டாவது வரைக்கும் ஒரே இடத்தில் படிச்சுடலாம். நீங்க பள்ளிக்கூடத்தைப் பார்க்கறீங்க, நான் பிள்ளையைப் பார்க்கறேன்" என்றார். நாலைந்து பேர் ஆமான்னு தலையாட்டினாங்க. எனக்குப் பதில் வரலை. அந்தத் தம்பி சொன்னது பொய் இல்லையே.

அடுத்து ஒரு பெரியம்மா. மகனும் மருமகளும் திருப்பூரில் பனியன் வேலை. ரெண்டு பேரப்பிள்ளைகளை அவங்கதான் வளர்க்கறாங்க. "எனக்கு முட்டி வலி. இந்தப் பள்ளிக்கூடம் வாசல்ல நின்னு பார்த்தாத் தெரியுது. ரோட்டைத் தாண்டி யார் கூட்டிட்டுப் போவா? நீ போவியா?" என்று அந்தத் தம்பியையே கேட்டாங்க. அவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டார்.

அப்புறம் காலை உணவு. 2022 செப்டம்பர் 15 அன்னைக்கு மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. கிராமத்தில் சமைக்கிறது நம்ம குழுப் பெண்கள்தான் என்று உங்களுக்கே தெரியும். எங்க பள்ளியில் சமைக்கிற தங்கச்சி அன்னைக்கு மூலையில் உட்கார்ந்து வாயே திறக்கலை. ஏம்மா நீ ஒண்ணும் சொல்லலைன்னு கேட்டேன். "நான் பேசினா கூலிக்காகப் பேசறான்னு சொல்லுவாங்கக்கா" என்றாள். அப்படிச் சொல்றதுக்கு ஆள் இருந்தாங்க, உண்மைதான். ஆனா அவள் சொல்ல வேண்டிய ஒரு விஷயம் அவளுக்கு மட்டும்தான் தெரியும். எந்தப் பிள்ளை ராத்திரி சாப்பிடாம வருது, எந்தப் பிள்ளை ரெண்டாம் தடவை பொங்கல் கேட்குது என்று தினமும் பார்க்கிறவள் அவள்தான். பள்ளி தூரமாப் போச்சுன்னா காலை உணவுக்கு நேரத்துக்குப் போய்ச் சேர முடியாதது எந்தப் பிள்ளைன்னு அவளால் விரல் விட்டு எண்ண முடியும். கடைசியில் எண்ணினாள். ஆறு பிள்ளைங்க.

இன்னொரு பேச்சும் நடந்தது. அது தீர்மானப் புத்தகத்தில் ஏறாத பேச்சு. வெளியே வேப்பமரத்தடியில் ரெண்டு பேர் மெதுவாச் சொன்னாங்க, "அந்த ஊரில் நம்ம காலனிப் பிள்ளைங்களைத் தள்ளி உட்கார வெப்பாங்களோ?" என்று. இன்னொரு பக்கம், "இங்கே இப்போ காலனிப் பிள்ளைங்கதானே மிச்சம், அதான் நாங்க வேன்ல அனுப்பறோம்" என்று எங்க ஊர் ஆளே சொன்னார். ரெண்டையும் நான் காதாலே கேட்டேன். மறைச்சுப் பேசினா இந்த மேடைக்கு மரியாதை இல்லை. எந்தப் பள்ளியா இருந்தாலும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடணும், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படிக்கணும். அதைப் பார்த்துக்கிற பொறுப்பு பெற்றோருக்கும் உண்டு.

கூட்டம் சண்டையில் முடிஞ்சது. தூரம்தான் சண்டைக்குக் காரணம். ஒருத்தர் "ஒரு கிலோமீட்டர்கூட இல்லை, செல்போன் மேப்பில் 900 மீட்டர்தான் காட்டுது" என்றார். "ரெண்டு கிலோமீட்டருக்கு மேல இருக்கும்" என்று பெரியம்மா சத்தம் போட்டாங்க. இது ஏன் முக்கியம்னா, தமிழ்நாட்டு விதிப்படி ஒண்ணு முதல் அஞ்சாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு கிலோமீட்டர் நடை தூரத்துக்குள் பள்ளி இருக்கணும். ஆறு முதல் எட்டு வரை என்றால் மூணு கிலோமீட்டர். நடை தூரம் என்ற வார்த்தையைக் கவனிங்க. காக்கா பறக்கிற தூரத்தைக் கேட்கலை, பிள்ளை நடக்கிற தூரத்தைக் கேட்குது.

நாங்க 100 நாள் வேலையில் வாய்க்கால் அளந்தவங்க. எங்களுக்கு டேப் பிடிக்கத் தெரியாதா? ஞாயிற்றுக்கிழமை காலையில் 30 மீட்டர் டேப் வாங்கிட்டு எட்டுப் பேர் கிளம்பினோம். 'சேர்க்கலாம்'னு சொன்ன தம்பியையும் கூப்பிட்டோம். அவர் தன் மகனைக் கையில் பிடிச்சுக்கிட்டு வந்தார். எங்க பள்ளி வாசலில் இருந்து அந்தப் பள்ளி வாசல் வரைக்கும் 62 தடவை டேப் போட்டோம். 1,860 மீட்டர். மேப் காட்டினது புறவழிச்சாலையைக் குறுக்கே வெட்டிப் போற வழி. அந்த இடத்தில் லாரி வர்ற வேகத்துக்குப் பெரியவங்களே நின்னு நின்னுதான் தாண்டறோம். ஒழுங்கான வழி என்பது சாலைக்கு அடியில் போற சுரங்கப்பாதை. அது ஐப்பசி, கார்த்திகையில் முழங்கால் தண்ணி. மூணாம் வகுப்புப் பையனுக்குப் போய்ச் சேர 38 நிமிஷம் ஆச்சு. வழியில் ரெண்டு தடவை உட்கார்ந்தான்.

அந்தத் தம்பி திரும்பி வரும்போது ஒண்ணும் பேசலை. அவர் கருத்தை மாத்திக்கிட்டாருன்னு நான் சொல்ல வரலை. அவர் கடைசி வரைக்கும் மாத்திக்கலை. ஆனா, "சேர்க்கறதா இருந்தா வண்டி வேணும்னு எழுதுங்க" என்றார். அது பெரிய விஷயம்.

இப்போ எங்க தப்புக்கு வர்றேன். 19 பிள்ளைங்கதான் இருக்காங்கன்னு எல்லாரும் வருத்தப்பட்டோம். மத்தப் பிள்ளைங்க எங்கே போனாங்க? அந்த வாரம் எங்க குழுவோட கடன் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். மே, ஜூன் ரெண்டு மாசத்தில் கொடுத்த உள்கடன் 11. அதில் 7 கடனுக்குக் காரணம் என்ற இடத்தில் 'பள்ளிக் கட்டணம்' என்று எழுதியிருக்கு. ஒண்ணு என் பேரில். 18,000 ரூபாய். என் சின்னப் பொண்ணைத் தனியார் பள்ளியில் ஒண்ணாம் வகுப்பு சேர்க்கறதுக்கு நான் வாங்கினது. பள்ளி மேலாண்மைக் குழுவில் உட்கார்ந்து அரசுப் பள்ளியைக் காப்பாத்தணும்னு பேசினவள் நான். வாரா வாரம் நாம சேர்த்த சந்தாப் பணத்தில்தான் அந்த மஞ்சள் வேன் எங்க தெருவுக்குள்ளே வந்துச்சு. அந்த வேன் வரவரப் பள்ளிக்கூடம் காலியாச்சு.

இதைக் கேட்டு யாரும் சங்கடப்பட வேண்டாம். கடன் வாங்கினவங்க யாரும் கெட்டவங்க இல்லை. பிள்ளை இங்கிலீஷ் பேசணும், நம்மளை மாதிரிக் கஷ்டப்படக் கூடாதுன்னு எல்லாத் தாயும் நினைக்கிறதுதான். ஆனா அதை மறைச்சுட்டு, பள்ளியை யாரோ வந்து எடுத்துட்டுப் போறாங்கன்னு சொன்னா அது நியாயம் இல்லை. அடுத்த கூட்டத்தில் அந்தப் பதிவேட்டை நானே படிச்சேன், என் பேரை முதலில் வெச்சு. கொஞ்ச நேரம் யாரும் பேசலை. அப்புறம்தான் பேச்சு ஒரு வழிக்கு வந்தது.

தீர்மானம் நாலு. ஒண்ணு, ஒரு கல்வியாண்டு எங்களுக்கு நேரம் கொடுங்க, பிள்ளைங்களைச் சேர்த்துக் காட்டறோம். ரெண்டு, அப்புறமும் சேர்க்கத்தான் வேணும்னா, முதலில் வண்டி அல்லது கூட்டிப் போக ஆள் ஏற்பாடு பண்ணிட்டுத்தான் சேர்க்கணும். பள்ளிக்குப் போற வழியில் சின்னப் பிள்ளைங்களுக்கு ஆபத்து இருந்தா, அந்த ஆபத்து வராத மாதிரித்தான் பள்ளி அமையணும்னு மத்திய அரசின் விதியிலேயே இருக்கு. மூணு, காலை உணவு நேரத்துக்கு எந்தப் பிள்ளையும் விடுபடக் கூடாது. நாலு, இப்பவே அந்தப் பள்ளிக்குப் போக விரும்பறவங்களை யாரும் தடுக்கவோ ஏசவோ கூடாது. வேறு அரசுப் பள்ளிக்கு மாற்றிக்கொள்ளும் உரிமை சட்டத்திலேயே இருக்கு. மாற்றுச் சான்றிதழை உடனே கொடுக்கணும். இந்த நாலாவது தீர்மானத்தைப் பெரியம்மாதான் முன்மொழிஞ்சாங்க.

அளந்த கணக்கு, நடந்த நேரம், சேர்க்கணும்னு சொன்னவங்க காரணம், கூடாதுன்னு சொன்னவங்க காரணம் எல்லாத்தையும் எழுதிக் கொடுத்தோம். மே 1 கிராம சபையிலும் வெச்சோம்.

ஜூன் மாசம் பள்ளி திறந்தப்போ அஞ்சாம் வகுப்பு முடிச்சு நாலு பேர் போயிருந்தாங்க. அந்தத் தம்பியோட மகனும் இன்னொரு பிள்ளையும் நடுநிலைப் பள்ளிக்கு மாறினாங்க. மீதி 13. ஒண்ணாம் வகுப்பில் புதுசா ஆறு பேர் சேர்ந்தாங்க. வேனில் போன பிள்ளைகளில் ஏழு பேர் திரும்பி வந்தாங்க, என் பொண்ணும் அதில் ஒருத்தி. ஆக 26. அதுக்காகக் கோயில் கட்டிட்டோம்னு சொல்ல மாட்டேன். இன்னும் ரெண்டே டீச்சர்தான். சேர்ப்பா இல்லையா என்ற இறுதி முடிவும் இன்னும் வரலை. அடுத்த மார்ச்சில் மறுபடி கேட்பாங்க. வேனைவிட்டு வந்த தாய்மார் என் முகத்தைப் பார்க்கறாங்க. நான் படிப்பைப் பார்க்கறேன். வாரம் ஒரு நாள் பள்ளிக்குப் போய் எந்தப் பிள்ளை வாசிக்குது, எது வாசிக்கலைன்னு டீச்சர்கிட்டே கேட்கறோம். அவங்களும் சங்கடப்படாமச் சொல்றாங்க.

சகோதரிகளே, உங்க ஊருக்கு இப்படி ஒரு பேச்சு வந்தா நான் சொல்றது இவ்வளவுதான். கூலிக்குப் போறவங்க வர்ற நேரத்தில் கூட்டம் போடுங்க. மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோரா இருக்கணும், பாதிப் பேர் பெண்களா இருக்கணும்னு சட்டம் சொல்லுது. அந்த நாற்காலியைக் காலியா விடாதீங்க. எதிர்த்துப் பேசறவங்க பேச்சையும் எழுதுங்க. பிள்ளையைக் கையில் பிடிச்சுக்கிட்டு அந்த வழியில் ஒரு தடவை நடந்து பாருங்க. கடைசியா, உங்க குழுக் கடன் பதிவேட்டையும் ஒரு தடவை புரட்டிப் பாருங்க.