அடக்கமும் அன்பும்



1966இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய 'ஸ்டார் ட்ரெக்' என்னும் விஞ்ஞானக் கற்பனைத் தொடரில் ஸ்பொக் என்றொரு பாத்திரம். தந்தை வல்கன் கிரகத்தவர். தாயோ பூமியைச் சேர்ந்தவள். லெனார்ட் நிமோய் நடித்தார்.

வல்கன் மக்கள் உணர்ச்சியற்றவர்கள் என்பர் சிலர். அது பிழை. உக்கிரமான உணர்ச்சியினாற் போரிட்டு அழியவிருந்தவர்களைச் சூராக் என்னும் ஞானி அறிவின் வழிக்குத் திருப்பினார் என்பதே கதை. வள்ளுவர் அடக்கமுடைமைக்கு ஓர் அதிகாரம் வகுத்ததும், அடக்குதற்கு உள்ளே ஒன்று இருப்பதனாலன்றோ?

அவ்வாண்டிலேயே வந்த ஒரு கதையில், ஒருவகைத் தொற்று ஸ்பொக்கின் கட்டுப்பாட்டைக் குலைக்கிறது. விம்மி அழுகிறான். பெற்ற தாயிடம் அன்பைச் சொல்ல இயலவே இல்லையே என்கிறான்.

வட்டகொடையில் நமக்கு இது புதிதா? மலையிறங்கி வந்து கொழுந்துக்கூடையை இறக்கும் அம்மாவிடம் "சோறு ஆச்சா?" என்று மட்டுமே கேட்பவர்கள்தாமே நாமும்!